இடப்பக்கம் ஒடிக்காத வண்டி

சட்டைப் பையில் பேனா எடுக்கக் கைவிட்டால் செம்புக் கம்பி விரல் நுனியில் குத்துகிறது. ஒரு வாரமாக இதே தொல்லை. நான்கு விரற்கடை நீளமுள்ள ஒயர்த் துண்டு அது. ஒரு முனை வெட்டியது, மறுமுனை தானாக அற்றது. அதோடு சேர்த்து ஒரு சாண் நீல நாடா. எடுத்து மேசை இழுப்பறையில் போட்டுவிடலாம். போடுவதில்லை. இன்று காலை நகராட்சி அலுவலக வாசலில் ஒருவரிடம் பேட்டி எடுக்கும்போது குத்தியதில் குறிப்பேட்டில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. பேட்டி கொடுத்தவர் சிரித்துக்கொண்டே, “என்ன சார், நான் சொன்னதுக்கு ரத்தக் கையெழுத்தா?” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உம்மைத் திட்டினேன், மனசுக்குள். பிறகு என்னைத் திட்டினேன்.

இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதுவது எங்கள் தொழில் வழக்கம். முப்பத்தோரு வருஷத்தில் நான் எழுதிய இரங்கல் செய்திகளில் ஒருவர்கூட முன்கோபியாக இருந்ததில்லை, ஒருவர்கூடக் கஞ்சனாக இருந்ததில்லை. உமக்கு அந்தச் சலுகை கிடையாது. மூன்று வாரம் உம்முடைய வண்டியோடு மல்லுக்கட்டிவிட்டு எழுதுகிறேன்.

நீர் படம் எடுப்பவர், நான் செய்தி எழுதுகிறவன். பதினெட்டு வருஷம் நம் இருவருக்கும் ஒரே வண்டி. நீர் ஓட்டுவீர், நான் உம்முடைய முதுகுக்குப் பின்னால் குறிப்பேட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். விசைத்தறிக் கூடத்தில் தீ, குளத்தில் மடை உடைப்பு, ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம், மறியல், எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான். ‘சரியா எத்தனை பேர் இருந்தாங்க’ என்று நான் எண்ணிக்கொண்டிருப்பேன். “எண்ணி முடிக்கதுக்குள்ள கூட்டம் கலைஞ்சிரும் வே, வாரும்” என்பீர்.

போன கார்த்திகையில் நீர் தனியாகப் பனவடலிசத்திரம் போய்விட்டுத் திரும்பினீர். எனக்கு அன்று காய்ச்சல். பொழுது அடைந்து சாலை மங்கலாக இருந்த நேரம். ஊருக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி சாலையை விட்டு விலகிப் பாலத்துச் சுவரில் மோதியது. முன்சக்கரம் உள்ளே மடங்கிவிட்டது. டேங்க் மேல் நீர் வைத்திருக்கும் பையின் ஜிப் திறந்திருந்தது. உம்முடைய போன் பத்தடி தள்ளிச் சாலையில் கிடந்தது. அதில் உம்முடைய வீட்டம்மா எஸ்தர் டீச்சரின் எடுக்கப்படாத அழைப்பு ஒன்று. காவல் நிலையத்தில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, காய்ச்சலோடு உட்கார்ந்து நான்தான் அந்த நாலு வரிச் செய்தியை எழுதினேன். ‘செல்போனை எடுக்க முயன்றபோது வாகனம் கட்டுப்பாட்டை இழந்ததாகக் கூறப்படுகிறது.’

‘கூறப்படுகிறது.’ நம் தொழிலில் இதைவிட வசதியான சொல் கிடையாது. யார் கூறினார், பார்த்தாரா, ஒன்றும் சொல்ல வேண்டாம்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் நீர் பதினோரு நாள் இருந்தீர். நான்காவது நாள் நான் வந்தபோது யாரோ உமக்குப் பத்திரிகையைக் காட்டியிருந்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு ஏதோ சொன்னீர். நான், “சரி வே, பேசாமப் படும்” என்றேன். “குறிச்சுக்கிடும்” என்றீர். நான் பேனாவை எடுக்கவில்லை. நண்பனின் கட்டிலருகே குறிப்பேட்டை எடுப்பது அசிங்கம் என்று அப்போது தோன்றியது.

உமக்குப் பிறகு எஸ்தர் டீச்சர் போன் பேசும் விதம் மாறிவிட்டது. யாரை அழைத்தாலும் முதல் வார்த்தை, “வண்டியில இருக்கியளா?” என்பதுதான். ‘ஆமா’ என்று பதில் வந்தால் அந்தக் கணமே துண்டித்துவிடுவார். பால்காரர், சபை ஊழியர், கரிவலம்வந்தநல்லூரில் இருக்கும் அவர் தம்பி, எல்லாரிடமும் இதே கேள்வி. என்னிடமும் கேட்பார். நான் வீட்டில் ஈசிசேரில் இருக்கும்போதுகூட.

வழக்கு முடிந்து வண்டியை வெளியே விட்டபோது அதை இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். எஸ்தர் டீச்சர் வேண்டாம் என்றார்.

“வண்டி தானா நின்னுட்டுன்னு அவுக சொன்னாங்க அண்ணாச்சி. யாரும் நம்பல. நானும் நம்பல. என்னைத் தேத்துததுக்காகச் சொல்லுதாங்கன்னு நெனச்சேன். நீங்க அதைச் சரிபண்ணி ஓட்டிப் பாருங்க. அது தானா நிக்கிற வண்டியா, இல்ல என் போன எடுக்கப் போயி விழுந்தாங்களான்னு எனக்குத் தெரியணும். எதுவா இருந்தாலும் தெரியணும்.”

இப்படித்தான் அந்த வண்டி என் தலையில் விழுந்தது.

திருநெல்வேலி ரோட்டில் மைதீன் பாயின் பட்டறை உமக்குத் தெரியும். சவூதியில், தம்மாமில் பன்னிரண்டு வருஷம் கார்களுக்கு ஒயரிங் பார்த்தவர், கெட்டிக்காரர். அவரிடம் உள்ள ஒரே குறை, எதையும் நாளைக்கு என்பார். “இன்ஷா அல்லா, நாளைக்கு உறுமும் அண்ணாச்சி.” மூன்று வாரத்தில் பதினைந்து தடவை இந்த நாளையைக் கேட்டேன். காலைச் செய்திகளை அனுப்பிவிட்டுப் பதினோரு மணிக்குப் போய் உட்கார்ந்தால் மத்தியானச் சோறு வரை அங்கேதான்.

முன் கம்பிகள், சக்கரம், ஹேண்டில், விளக்கு எல்லாம் மாற்றினோம். உடம்பு சட்டத்துக்குப் பெயின்ட் அடித்தோம். புது பேட்டரி போட்டோம். வண்டி பளபளவென்று நின்றது. மைதீன் பாய் பிஸ்மி சொல்லி ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினார். ‘டிக்’ என்றது. அவ்வளவுதான்.

மறுபடி அழுத்தினார். ‘டிக்.’

“கேட்டுக்கிட்டியளா?” என்றார். “பேட்டரி தருது, ரிலே வாங்குது, மோட்டாருக்குப் போகல.”

இரண்டு நாள் தேடி, பெயின்ட் அடித்தவர் பேட்டரியின் எர்த் ஒயரை முடுக்குகிற இடத்தையும் சேர்த்து அழகாகப் பூசியிருக்கிறார் என்று கண்டுபிடித்தோம். பெயின்ட் மேல் போல்ட்டை முடுக்கினால் எர்த் எப்படிக் கிடைக்கும்? சுரண்டி இரும்பைக் காட்டினோம். மோட்டார் சுழன்றது. இஞ்சின் பிடிக்கவில்லை, ப்ளக்கில் பொறி இல்லை.

இந்த இடத்தில்தான் உம்முடைய கைவரிசை ஆரம்பித்தது. மோதியதில் உடைந்தது எது, உம்முடைய உபயம் எது என்று பிரித்துப் பார்க்கவே ஒரு வாரம் போயிற்று. சைடு ஸ்டாண்டின் சுவிட்சை நீர் ஒரு ஜெம் கிளிப்பால் முடிந்து வைத்திருந்தீர். மோதலில் அந்தக் கிளிப் விழுந்துவிட்டது. ஸ்டாண்ட் போட்டிருப்பதாக நினைத்து வண்டி பொறி கொடுக்க மறுத்தது. இது யாருக்குத் தெரியும்? பியூஸ் போன இடத்தில் காய்ச்சல் மாத்திரை அட்டையின் தகடு சுற்றியிருந்தது. ஹாரன் ஒயர் எங்கேயோ போய், விளக்கை மினுக்குகிற பொத்தானில் முடிந்திருந்தது.

“இது வண்டி இல்ல அண்ணாச்சி, கூட்டணி” என்றார் மைதீன் பாய். “ஒவ்வொரு ஒயரும் ஒவ்வொரு கட்சி. எது யாரு கூட இருக்குன்னு தலைவருக்குத்தான் தெரியும். தலைவரு போயிட்டாரு.”

நீர் எந்தக் கோளாறையும் சரிசெய்தவர் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்குவம் கண்டுபிடித்து வைத்திருப்பீர். கிளட்சைப் பாதி பிடித்து, வண்டியைக் கொஞ்சம் சாய்த்து, சிவப்புச் சுவிட்சை மூன்று தடவை ஆட்டிவிட்டு அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும். “அதுக்கு ஒரு பக்குவம் இருக்கு வே” என்பீர், ஏதோ சாம்பார் வைப்பது மாதிரி. மழைக்கு ஒரு பக்குவம், மேட்டுக்கு ஒரு பக்குவம். ஒருமுறை ரயில்வே கேட்டில் அணைந்துபோனபோது என்னை இறங்கச் சொல்லி, வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு வந்து அழுத்தினீர். ஸ்டார்ட் ஆனது. எனக்கு இன்றுவரை அது ஏன் என்று தெரியாது. ‘ஒர்க் ஷாப்ல விடும் வே’ என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். “விட்டா ரெண்டு நாளு வச்சிருப்பாங்க. அந்த ரெண்டு நாளு பாத்துத்தான் எங்கயாவது எரியும்.”

கடைசி இரண்டு வருஷம் இன்னொரு கூத்து. பேருந்து நிலையத்திலிருந்து என் தெருவுக்குள் நுழைய இடது பக்கம் சட்டென்று ஒடித்தால் போதும். நீர் ஒடிக்க மாட்டீர். முக்கு வரை போய், வலது பக்கமாக ஒரு பெரிய வட்டமடித்து, எதிரே வருகிற ஆட்டோக்காரரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு நேராக உள்ளே வருவீர். “தேர் திருப்புத மாதிரித் திருப்புதீரே வே” என்று நான் எரிந்து விழுந்தால், “வயசாகுதுல்லா, இடுப்பு ஒத்துக்கிட மாட்டேங்கு” என்பீர். இடுப்புக்கும் இடது பக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது கேள்வி கேட்கிற தொழிலில் இருந்துகொண்டு இந்த ஒன்றைக் கேட்கவில்லை.

ஜெம் கிளிப்புக்குப் பதிலாக ஒழுங்கான சுவிட்ச் வைத்ததும் இஞ்சின் உறுமியது. பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். நான் எஸ்தர் டீச்சருக்குப் போன் போட எடுத்தேன். மைதீன் பாய் வண்டியைப் பட்டறையிலிருந்து வெளியே உருட்டி, சாலைக்குத் திருப்பினார். அணைந்துவிட்டது.

உள்ளே கொண்டுவந்தால் ஓடும், வெளியே கொண்டுபோனால் நிற்கும். நடு ஸ்டாண்டில் நிறுத்தி ஒரு மணி நேரம் ஓடவிட்டோம், குறை சொல்ல இடமில்லை. ஏறி உட்கார்ந்து முக்கைத் தாண்டினால் செத்துவிடும். தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தி அழுத்தினால் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி மறுபடி உறுமும். ப்ளக் மாற்றினார். காயில் மாற்றினார். பொறிக்குக் கணக்கு வைக்கிற பெட்டியையே மாற்றினார். பெட்ரோல் டேங்கைக் கழுவினார். மல்டிமீட்டரை எங்கே வைத்தாலும் பன்னிரண்டு புள்ளி நாலு வோல்ட் காட்டியது. “மீட்டர்படி இந்த வண்டிக்கு ஒரு நோயும் இல்ல” என்றார். நான் அப்போது கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். அவரும் பேசினார். டீக்கடைக்காரர் வந்து இரண்டு பேருக்கும் டீ கொடுத்துப் பிரித்துவிட்டார்.

டீயைக் குடித்துவிட்டு மைதீன் பாய் கேட்டார். “அண்ணாச்சி, அந்த மனுசன் ஆஸ்பத்திரியில வண்டியைப் பத்தி என்னமோ சொன்னாருன்னு டீச்சர் சொன்னாங்கள்லா. என்ன சொன்னாரு?”

“தானா நின்னுட்டுன்னு சொன்னார்.”

“அது நீங்க சொல்லுதது. அவரு என்ன சொன்னாரு? வார்த்தைக்கு வார்த்தை.”

முப்பத்தோரு வருஷமாக நான் அடுத்தவரிடம் கேட்கிற கேள்வி இது. என்னிடம் யாரும் கேட்டதில்லை. உம்முடைய கட்டிலை நினைவில் கொண்டுவர வேண்டியிருந்தது. பச்சைத் திரை. உம்முடைய கீழுதட்டில் இருந்த தையல். நீர் சொன்னது குறிப்பேட்டில் இல்லை. ஆனால் காதில் இருந்தது.

“‘லைட்டும் போச்சு, இஞ்சினும் போச்சு. ஒண்ணா போச்சு வே.’ இதுதான் சொன்னார்.”

மைதீன் பாய் டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

“இதை மூணு வாரத்துக்கு முன்னாடி சொல்லிருந்தா நான் அந்த ப்ளக்கத் தொட்டிருப்பனா? ப்ளக்குக்கும் லைட்டுக்கும் என்ன உறவு? ரெண்டும் ஒண்ணா போச்சுன்னா, ரெண்டுக்கும் பொதுவான ஒயரு ஒண்ணுதானே. சாவியில இருந்து கீழ இறங்குத ஒயரு. மனுசன் நோயையே சொல்லிட்டுப் போயிருக்காரு, நீங்க கதையா கேட்டுட்டு வந்திருக்கிய.”

அவர் இரண்டு ஒயர் நீட்டிய ஒரு சின்ன பல்பைக் கொண்டுவந்து சாவி ஒயரில் இணைத்தார். எரிந்தது. ஹேண்டிலை வலது பக்கம் கடைசி வரை திருப்பினார், எரிந்தது. இடது பக்கம் ஒடித்தார். முக்கால்வாசி போனதும் பல்பு அணைந்தது. அதே இடத்தில் மீட்டரை வைத்தார். பன்னிரண்டு வோல்ட்.

“பாத்தியளா. ஒத்த இழை தொட்டுக்கிட்டு இருந்தாலும் மீட்டர் இருக்குன்னு சொல்லிரும். பல்பு சொல்லாது. பல்பு எரியணும்லா. பாரம் தூக்கினாத்தான் தெரியும்.”

ஹேண்டிலுக்குக் கீழே, சட்டத்தின் கழுத்தில், கறுப்பு டேப் கைப்பிடித் தடிமனுக்குச் சுற்றியிருந்தது. அதை முன்பே பார்த்திருந்தார், ஓடுகிற ஒயரை ஏன் பிரிக்க வேண்டும் என்று விட்டிருந்தார். இப்போது பிளேடால் கீறினார். மேலே இருந்த இரண்டு சுற்று உம்முடையது. அதற்கடியில் இன்னொரு சுற்று, பழசு, பிசுபிசுத்தது. அதற்கும் அடியில் நீல நாடா. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டுகிற நாடா. நம் பத்திரிகையின் பெயரில் இரண்டெழுத்து மட்டும் அழியாமல் இருந்தது. ஒயரைச் சட்டத்தோடு சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கியிருந்தது. ஹேண்டில் இடது பக்கம் போகும்போதெல்லாம் ஒயர் அந்த முடிச்சில் இழுபட்டிருக்கிறது.

“யாரு கெட்டுனது இது?” என்றார் மைதீன் பாய். “மாட்டைக் கெட்டுத மாதிரிக் கெட்டிருக்கான்.”

நான்தான்.

உமக்கு ஞாபகம் இருக்கும். ஏழு வருஷத்துக்கு முன் கரிவலம்வந்தநல்லூர் மறியல். தடியடி நடந்து முடிந்த நேரத்தில் என் போனில் சார்ஜ் போயிற்று. ஊருக்கு வந்து செய்தி அனுப்புவதற்குள் மற்ற பத்திரிகைக்காரர்கள் எல்லாம் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை, பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடை வாசலில், ஒர்க் ஷாப் திறக்கும் வரைகூடப் பொறுக்காமல், நகவெட்டியால் சாவி ஒயரின் தோலைச் சீவி, சார்ஜர் ஒயரை முறுக்கி, டேப் சுற்றி, அது ஆடாமல் இருக்க என் பழைய அட்டையின் நாடாவை எடுத்து நானே கட்டினேன். சார்ஜர் ஒயரை டேங்க் பைக்குள் விட்டேன். இனிமேல் எந்தச் செய்தியும் தப்பாது என்று பெருமையாக இருந்தது. நீர் டீ டம்ளரோடு குனிந்து பார்த்தீர்.

“இறுக்கிக் கெட்டாதேயும் வே. ஹேண்டில் திரும்பணும்லா.”

“நீரு படத்தைப் பாரும். நான் கெட்டுததைக் கெட்டுதேன்.”

இதையும் நான் குறித்து வைக்கவில்லை. ஆனால் இதுவும் காதில் இருக்கிறது.

ஒயரை வெட்டி எடுத்துத் தோலை உரித்தோம். பதினாறு இழைகள், நான் எண்ணினேன். பதினான்கு கறுத்து, பச்சைக் களிம்பு பிடித்து, எப்போதோ அற்றுப்போனவை. இரண்டு மட்டும் இன்னும் செம்பு நிறத்தில் இருந்தன, அவையும் அற்று, நுனியோடு நுனி தொட்டுக்கொண்டு. “இது மோதுனதுல அறுந்ததில்ல. வருசக்கணக்கா ஒண்ணொண்ணா போயிருக்கு” என்றார் மைதீன் பாய். அந்தப் பதினான்கும் ஒன்றன்பின் ஒன்றாக அறும்போது நான் உம்முடைய முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போனைச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்போதுதான் ஜிப் விஷயமும் உறைத்தது. சார்ஜர் ஒயர் பைக்குள் போனால் ஜிப் முழுதாக மூடாது. ஏழு வருஷமாக அது மூடியதே கிடையாது. மழை பெய்தால் நீர் ஒரு பாலிதீன் உறையைச் சுற்றுவீர். எனக்குத் தெரிந்த விஷயம், என் கண்ணால் தினமும் பார்த்த விஷயம். இருந்தும் ‘ஜிப் திறந்திருந்தது’ என்று காவல் நிலையத்தில் சொன்னதும், போனை எடுக்கத்தான் நீர் திறந்தீர் என்று நம்பி எழுதினேன்.

எஸ்தர் டீச்சரை வரச் சொன்னோம். பள்ளிக்கூடம் விட்டு நேராக, கையில் பரீட்சைத் தாள் கட்டோடு வந்தார். மைதீன் பாய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. வண்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“என் போன் இல்லல்லா, அண்ணாச்சி?”

“இல்லம்மா. பையிலதான் இருந்திருக்கு, மோதுன வேகத்துல வெளிய தெறிச்சிருக்கு. அவர் தொடவே இல்ல. ஒயர் அந்துபோய் லைட்டும் இஞ்சினும் ஒரே நேரத்துல நின்னிருக்கு. ரோடு தெரியாமத்தான் பாலத்துல மோதியிருக்கார். அவர் சொன்னது சரி.”

அவர் தாள் கட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“ஒயர் எப்படி அந்துது?”

மைதீன் பாய் எனக்காக முந்திக்கொண்டார். “பழைய வண்டிலா டீச்சர். தேய்மானம்.”

தேய்மானம். அதுவும் பொய்யில்லை. ‘கூறப்படுகிறது’ எந்த அளவுக்குப் பொய்யில்லையோ அந்த அளவுக்கு. அதோடு நான் விட்டிருக்கலாம். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மைதீன் பாய் கண்ணைக் காட்டினார், விடும்படி. நான் நாடாவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

“இது நான் கட்டினதும்மா. போன் சார்ஜ் போட. இறுக்கிக் கட்டாதேன்னு அவர் சொன்னார். கேக்கல.”

நாடாவை விரித்து, அந்த இரண்டெழுத்தைப் பார்த்தார். ஹேண்டிலைப் பிடித்து மெதுவாக இடது பக்கம் திருப்பினார், கடைசி வரை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

“இந்தப் பக்கந்தான?”

“ஆமா.”

“அப்ப அவுகளுக்குத் தெரியும்” என்றார். “வீட்டு வாசல்லகூட இந்தப் பக்கம் ஒடிக்க மாட்டாங்க. எறங்கி, பின்சக்கரத்தத் தூக்கி நகட்டி வைப்பாங்க. ஏன் இப்படிக் கெடந்து சீரழியுதியன்னு கேட்டா, ‘அதுக்கு ஒரு பக்குவம் இருக்குட்டீ’ம்பாங்க.”

எனக்கு அந்த இடத்தில் வந்த கோபத்தை எப்படிச் சொல்ல. தேர் மாதிரி வட்டமடித்தது, ஆட்டோக்காரரிடம் ஏச்சு வாங்கியது, இடுப்பு, வயசு, எல்லாம் இதற்கா? என் முடிச்சின் மேல் நீர் இரண்டு சுற்று டேப் சுற்றியிருக்கிறீர். பிரித்துப் பார்த்திருக்கிறீர் அல்லது பிரிக்காமலே புரிந்துகொண்டிருக்கிறீர். ‘உம்ம கெட்டு ஒயரைத் திங்குது வே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? நான் சண்டை பிடித்திருப்பேன். அரை மணி நேரம் சண்டை, பிறகு மைதீன் பாயிடம் அரை மணி நேர வேலை. அதற்குப் பதில் இரண்டு வருஷம் இடது பக்கமே திரும்பாமல் ஒரு மனிதன் இந்த ஊரில் வண்டி ஓட்டியிருக்கிறான். அன்றைக்குப் பாலத்துக்கு முன்னால் சாலையில் இருந்த பள்ளத்தைத் தவிர்க்க இடது பக்கம்தான் வழி இருந்தது. போய்ப் பார்த்தேன். வலது பக்கம் எதிரே ஒரு டிராக்டர் வந்திருந்தாலும், வராவிட்டாலும், பள்ளத்தைக் கண்டதும் கை தானாக இடது பக்கம்தான் ஒடிக்கும்.

எஸ்தர் டீச்சர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. “புது ஒயரைக் கொஞ்சம் தாராளமா விடுங்க பாய்” என்று மட்டும் சொல்லிவிட்டு, நாடாவை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். போகும்போது திரும்பி, “அவுக சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணாச்சி. அப்படியே” என்றார். லைட்டும் போச்சு, இஞ்சினும் போச்சு, ஒண்ணா போச்சு வே என்று சொன்னேன். ‘வே’யைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அலுவலகத்துக்குப் பேசினேன். எட்டு மாதத்துக்கு முந்தைய நாலு வரிச் செய்திக்குத் திருத்தம் போட முடியாது என்றார்கள், மரியாதையாகத்தான். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். திருத்தத்தைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதுவும் நாலு வரிதான். ‘கூறப்படுகிறது’ இல்லை. கூறியவர் நீர் என்று இருக்கிறது.

வண்டியை நான் ஓட்டுகிறேன், எஸ்தர் டீச்சர் சொன்னதால். இரண்டு விஷயம் உம்மிடம் சொல்ல வேண்டும். ஒன்று, ஜெம் கிளிப், மாத்திரைத் தகடு எல்லாவற்றையும் மைதீன் பாய் கடாசிவிட்டார். இப்போது பொத்தானை அழுத்தினால் எந்தப் பக்குவமும் இல்லாமல் ஸ்டார்ட் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. இன்னொன்று, கிளம்புவதற்கு முன் சாவியைப் போட்டு, விளக்கை எரியவிட்டு, ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பார்க்கிறேன். இடது பக்கம் இரண்டு தடவை. எங்கே நிறுத்தியிருந்தாலும், யார் பார்த்தாலும். டீக்கடையில், ‘சார் வண்டிக்கு எக்சைஸ் குடுக்காரு’ என்று சிரிக்கிறார்கள்.

நேற்று மத்தியானம் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து திரும்பும்போது சட்டைப் பையில் போன் அடித்தது. ஓரமாக நிறுத்தி, இறங்கி, ஸ்டாண்ட் போட்டுவிட்டுத்தான் எடுத்தேன். எடுக்கும்போது அந்தக் கம்பி குத்தியது. எஸ்தர் டீச்சர். வழக்கமான கேள்விக்கு ‘இல்லம்மா, நிறுத்திட்டேன்’ என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

அவர் கேட்கவில்லை.

“அண்ணாச்சி, வார வழியில நாலு வாழையிலை வாங்கிட்டு வந்து குடுத்துட்டுப் போங்க” என்றார். “கிழியாம.”